மாத்திரை மதிலைத் தாண்டுமா?

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் இருக்கிறது விளாங்குடி. 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர்.

இங்கே ஒருவருக்குக் காசநோய் கண்டால், அவர் வீட்டிலிருந்தபடியே குணம் அடையலாம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசாங்கம் அதை இலவசமாகத் தருகிறது.

இந்த வழியை உலகுக்குக் காட்டியது தமிழ்நாடுதான். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவர்களைப் போலவே வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் குணம் அடைவார்கள் என்று, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிரூபித்தது.

அப்படியிருந்தும் நோய் ஒழியவில்லை. 2025க்குள் ஒழிப்பதென்று நாடு குறி வைத்தது. அந்த ஆண்டும் வந்தது, நோய் போகவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார்.

வறுமையும் சத்துக்குறைவும் முக்கிய காரணங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்துவது இன்னொன்று. அப்போது கிருமி மருந்துக்கு அடங்காமல் போகிறது. அதற்குப் புது மருந்து வேண்டும்.

மெழுகு மதில்

புது மருந்து காண்பது ஏன் கடினம்?

ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு மெல்லிய படலம் உண்டு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக அமைந்த படலம் அது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், நாலைந்து பங்குதான் அதன் கனம்! காசநோய்க் கிருமிக்கோ அதற்கு வெளியே மெழுகு போன்ற மதிலும் இருக்கிறது. பல மருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

தண்ணீரில் மட்டும் கரையும் மருந்து கொழுப்பைக் கடக்கத் திணறும். கொழுப்பில் மட்டும் கரைவது உள்ளே புகுந்து, படலத்திலேயே தங்கிவிடலாம். இரண்டும் அளவோடு வேண்டும்.

கணக்கு எப்படி?

இந்த அளவைக் கம்ப்யூட்டரில் கணக்கிடலாம். மருந்து, படலம், தண்ணீர் ஆகியவற்றின் அணுக்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கும், தள்ளும் என்று அது கணிக்கிறது. ஒரு வினாடியை ஆயிரம் லட்சம் கோடிப் பங்காக்கி, ஓரிரு பங்குக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறது!

மருந்து தானாகக் கடக்கும்வரை காத்திருந்தால் கணக்கு முடியாது. ஆகவே விஞ்ஞானிகள் மருந்தைப் படலத்தின் ஒவ்வோர் ஆழத்திலும் நிறுத்தி, அங்கே செலவாகும் சக்தியை அளக்கிறார்கள். எங்கே தடை அதிகம் என்பது தெரிந்துவிடும்.

இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசூர் ரஹ்மான். 1964இல் அவர் அமெரிக்காவில் 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கணக்கிட்டார். இன்று லட்சக்கணக்கான அணுக்களைக் கணக்கிடுகிறார்கள்.

கணக்கு மட்டும் போதுமா?

போதாது. 2012இல் அமெரிக்கா அனுமதித்த பெடாகுயிலின், கிருமியின் படலத்தில் பதிந்துள்ள சக்தி எந்திரத்தை நிறுத்துகிறது. அது கம்ப்யூட்டர் கண்ட மருந்தல்ல. ஏராளமான ரசாயனங்களைக் காசநோய்க் கிருமிக்கு உறவான இன்னொரு கிருமியின் மீது சோதித்துக் கண்டது.

கம்ப்யூட்டர் செய்யக்கூடியது, ஆயிரம் மருந்துகளில் தேறாதவற்றை முன்பே ஒதுக்குவது. அதனால் காலமும் பணமும் மிச்சம். மிஞ்சியவற்றைச் சோதிக்கச் சோதனைச்சாலை வேண்டும். பிறகு நோயாளிகளிடம் சோதனை வேண்டும். கம்ப்யூட்டருக்குப் பணம் தந்து சோதனைச்சாலையைப் பட்டினி போட்டால், கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும்.

மருந்து மதிலைத் தாண்டுமா என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லலாம். நோய் தீர்ந்ததா என்பதை விளாங்குடி நோயாளியின் சளிப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதுவரை, கையிலிருக்கும் மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுவதே அவர் செய்ய வேண்டியது.