பழைய புகைப்படங்களும் கரிக்கோச்சிகளும்

மஸ்கெலியாவில் வாழ்வோர்க்குப் பழைய புகைப்படத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1969ஆம் ஆண்டில் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது எமது பழைய நகரம் நீருள் மறைந்தது. கோடையில் நீர் வற்றும் வேளைகளில் கோயிற் கற்கள் தலைகாட்டும். எஞ்சியவற்றை நாம் படங்களிலேயே காண்கின்றோம். ஆதலின் படத்தின் கீழ் எழுதப்படும் ஒரு வரி பொய்க்குமாயின், பார்ப்பவர் மனத்திற் பதியும் வரலாறும் பொய்த்துவிடும்.

இத்தவற்றை யாமே செய்ததுண்டு. முன்னைய மலரொன்றில் நீராவி எஞ்சினொன்றின் படத்தை வெளியிட்டு, ‘1884இல் ஹற்றனுக்கு வந்த முதற் புகையிரதம்’ என எழுதினோம். புகையிரதப் பகுதியில் ஓய்வு பெற்ற பெரியவரொருவர் அதனைக் கண்டு, “தம்பிமாரே, டெண்டர் எங்கே?” என்று ஒரே கேள்வி கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை.

ஹற்றனுக்கு இருப்புப்பாதை வந்த ஆண்டு 1884 என்பது உண்மையே. ஆயின் படத்தில் இருந்தது ‘காறற்’ எனும் இனம். நடுவே கொதிகலன், அதன் இரு புறமும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள், நீரும் கரியும் அவற்றின் மீதே அமைந்திருக்கும். ஆகவே அதற்குக் கரியும் நீரும் சுமக்கும் டெண்டர் என்னும் தனிவண்டி கிடையாது. 44 அடிக்கு ஓரடி ஏறும் மலைப்பாதைக்கும் நெருங்கிய வளைவுகளுக்கும் ஏற்ற அவ்வெஞ்சின்கள் மான்செஸ்ரர் பெயர் பீக்கொக் தொழிற்சாலையிலிருந்து இலங்கைக்கு முதன்முதல் வந்தது 1927இலேயே. நாற்பத்து மூன்று ஆண்டுகளை ஒரே வரியில் விழுங்கிவிட்டோம்!

எஞ்சினை இனங்காண முதலில் இலக்கத்தைப் பார்த்தல் வேண்டும்; பின்னர் சக்கரங்களை எண்ணுதல் வேண்டும்; புகைபோக்கி, கொதிகலன், சாரதி நிற்கும் கூடு ஆகியவற்றின் வடிவை ஒப்பிடுதல் வேண்டும். டெண்டரைத் தனிச் சாட்சியாகவே விசாரித்தல் நன்று. தொழிற்சாலையிற் பழுதுபார்க்கும்போது ஒன்றின் டெண்டர் மற்றொன்றுடன் பூட்டப்படுவது உலகெங்கும் நிகழ்ந்த வழக்கம். டெண்டரை மட்டும் நோக்கி எஞ்சினுக்குப் பெயர் சூட்டுவோர், சட்டையைப் பார்த்து ஆளைச் சொல்வோரை ஒப்பர்.

இடமும் காலத்தை உரைக்கும். பதுளை நிலையத்துப் படம் 1924க்கு முந்தியதாதல் இயலாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இறாகலை சென்ற ஒடுக்கப் பாதையில் வண்டி ஓடும் படம் 1948க்குப் பிந்தியதாகாது. அவ்வாண்டில் அப்பாதை மூடப்பட்டது.

காப்பாற்றப்பட்ட எஞ்சின்களைப் பார்த்துவிட்டாற் போதுமே என்பார் சிலர். போதாது. அயர்லாந்திலே, 111 எஞ்சின்கள் கொண்ட ஓரினத்தில் இன்று எஞ்சியிருப்பவை 184, 186 என்னும் இலக்கமுடைய இரண்டே. அவற்றுள்ளும் ஒன்று பழைய கொதிகலனைத் தாங்கி நிற்க, மற்றது பிற்காலக் கொதிகலனைப் பெற்றது. 1880இல் டப்ளினில் உருவான 184, ‘பெரும் புகைவண்டிக் கொள்ளை’ என்னும் 1970களின் திரைப்படத்திற்காக 1855ஆம் ஆண்டின் ஆங்கில எஞ்சினாக வேடம் பூண்டது. அத்திரைப்படத்தின் நிழற்படமொன்று தனியே கிடைப்பின், நாளை எவரும் ஏமாறலாம் அன்றோ? கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில் நிற்பனவற்றையும் நாம் இவ்விழிப்புடனேயே நோக்குதல் தகும். இன்றைய தோற்றம் அன்றைய தோற்றமாகவே இருக்குமென்பதற்கு உறுதியில்லை.

நிற்க. இரும்பின் வரலாற்றிற்கு இத்துணைப் பாடு எதற்கு என வினவலாம். நாட்டில் பேணப்படும் 251ஆம் இலக்க எஞ்சின் ‘சேர் தோமஸ் மெயிற்லண்ட்’ என்னும் ஆங்கிலத் தேசாதிபதியின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் 1811இல் பதவி நீங்கியவர். அவர் காலத்தில் இந்நாட்டில் இருப்புப்பாதையே இல்லை. அத்தகையவரின் பெயர் பித்தளைத் தகட்டில் மின்ன, சிங்கமலைச் சுரங்கத்தின் புகையை விழுங்கிக் கரி தள்ளியவனின் பெயர் படத்தின் பின்புறத்திற்கூட இல்லை! ஆண்டும் இடமும் இலக்கமும் சரியாகத் தெரிந்தாலன்றோ, “அவ்வண்டியில் வேலை செய்தவர் யார்?” என்று முதியோரை வினவ இயலும்? இனங்காணும் முயற்சி எஞ்சினில் தொடங்கி மனிதரில் முடிதல் வேண்டுமென்பதே எமது துணிபு.

எனவே பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் எமது வேண்டுகோள் இதுவே: இல்லங்களில் உறங்கும் படங்களை வெளிக்கொணருங்கள். அவற்றின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால், அறிந்ததை மட்டும் எழுதுங்கள். கூறியவர் யாரென்பதையும் குறியுங்கள். அறியாததை ‘தெரியவில்லை’ என்றே விடுங்கள். அச்சொல்லை எழுதுவதில் இழுக்கில்லை. துணிந்து பொய் எழுதியதில் வந்த இழுக்கை யாம் பட்டறிந்தோம். அன்று எம்மை டெண்டர் எங்கே என்று கேட்ட பெரியவர் போன்றோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டறிவோமாக.