அந்தக் கம்பியை ஏன் வெட்டவில்லை?

வீட்டுப் பின்புறத்தில் பழைய சைக்கிள் ஏதும் கிடந்தால், அதன் சக்கரக் கம்பிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரம் தனியாக, பின்சக்கரம் தனியாக. 1950களில் இங்கிலாந்தில் செய்து மலாயாவுக்குக் கப்பலில் வந்த ராலே சைக்கிளாக இருந்தால் முன்னால் 32, பின்னால் 40 என்று வரும்.

யாரோ பழுதுபார்த்தபோது கணக்குத் தப்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில் நம் எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. மிதிக்கும் விசையையும் அதுதான் தாங்க வேண்டும். கேரியரில் சுமை ஏற்றினால் அதுவும் பின்னால்தான். 36-ம் 36-ம் சேர்த்தால் 72. 32-ம் 40-ம் சேர்த்தாலும் 72. ஒரு கம்பிகூட அதிகம் செலவாகாமல், பலம் தேவைப்படும் இடத்துக்குப் போய்விட்டது.

கடந்த சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இப்படிப்பட்ட கணக்குகளைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். சுங்கை சிப்புட்டில் அத்தை வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பின்கட்டில் கிடந்த தாத்தாவின் ராலே சைக்கிளைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் சொன்னார்கள். நான் எடுத்து வந்துவிட்டேன்.

தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். புதுச் சைக்கிள் வாங்கும் வசதி அவருக்கு இல்லை. மாற்றலாகிப் போன கிராணி ஒருவரிடமிருந்து வாங்கினார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. லயத்து வீட்டில் மூன்று கியர் வைத்த சைக்கிள் இருந்தது அதனால்தான். பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் துருவைத் துடைத்ததும் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துகளும் 56 என்ற எண்ணும் தெரிந்தன. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் கியர் ஹப் அது. 56 என்பது செய்த ஆண்டு.

இந்த வேலையில் நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று தெரியாமல் எதையும் மாற்றுவதில்லை.

இடது பெடலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் திருகாணி வலப்பக்கம் திருகினால் இறுகும். இடது பெடல் மட்டும் தலைகீழ். இன்றைய சைக்கிளிலும் இப்படித்தான். தெரியாதவர்கள் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிடுவார்கள். பெடல் சுழலும்போது பியரிங்கின் உராய்வு இழுக்கும் திசையைப் பார்த்தால், இந்த அமைப்பு பெடலைக் கழற்றிவிடும் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. காலின் அழுத்தம் பெடல் அச்சை அதன் துளைக்குள் சுற்றிச் சுற்றி நெருக்குகிறது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், அச்சு அதற்குள் உருண்டு எதிர்த்திசையில் மெல்லத் திரும்பும். ஒரு பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாக வைத்து, அதன் நுனியை மறு கையால் வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் எதிர்ப்பக்கம் திரும்புவது தெரியும். இந்த நகர்வு உராய்வைவிட வலியது. அது பெடலை இறுக்க வேண்டுமென்றால் இடப்பக்கம் புரி தலைகீழாக இருந்தாக வேண்டும்.

பிரேக்கிலும் ஒரு கணக்கு உண்டு. கேபிளுக்குப் பதில் இரும்புத் தண்டுகள். பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. உட்புறத்தில், கம்பிகள் கிளம்பும் பக்கத்தில் பிடிக்கிறது. அதனால் சக்கரம் குழியில் விழுந்து சற்றுக் கோணினாலும் பிரேக் வேலை செய்யும். அறுந்துபோகக் கேபிள் கிடையாது. ஸ்பானர் ஒன்று இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். குறையும் உண்டு. இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கும். நம் ஊர் மழையில், பால் வாளிகளோடு தோட்டத்து இறக்கத்தில் வருவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் விளக்கம் கிடைத்தது. விளங்காமல் நின்ற இடம் பின்சக்கரம்.

இந்த வகை ஹப்பின் அச்சிலிருந்து மெல்லிய சங்கிலி ஒன்று வெளியே வரும். கியர் கேபிளை அதில்தான் மாட்ட வேண்டும். எங்கள் சைக்கிளில் கேபிளைக் காணோம். ஹேண்டல்பாரில் கியர் மாற்றும் விசையும் இல்லை. அந்தச் சங்கிலியை விறைப்பாக இழுத்து, வேலிக் கம்பி போன்ற ஒன்றால் ஃபிரேமோடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டு துருவேறி ஃபிரேமோடு ஒட்டிப் போயிருந்தது.

“அப்பா, இதை வெட்டிடவா?” என்று பிளேயரை எடுத்துக்கொண்டு வந்தான் மகன். பொறு என்றேன்.

ஹப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் அந்தக் கட்டு புரியும். நடுவில் அசையாத பல்சக்கரம் ஒன்று, 20 பல். அதைச் சுற்றி உருளும் நான்கு சின்னப் பல்சக்கரங்கள் ஒரு கூண்டில் இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே, உட்புறம் 60 பல் வைத்த வளையம். மிதிக்கும் விசை வளையத்துக்குப் போய், சக்கரத்தைக் கூண்டு இழுத்தால், நாம் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் முக்கால் சுற்றுதான் போகும். இது முதல் கியர், மேட்டுக்கு ஏற்றது. விசை கூண்டுக்குப் போய் வளையம் சக்கரத்தை இழுத்தால் ஒன்றேகால் சுற்றுக்கும் சற்று அதிகம். இது மூன்றாம் கியர். வளையமே வாங்கி வளையமே இழுத்தால் ஒன்றுக்கு ஒன்று, இரண்டாம் கியர்.

எந்தக் கியர் என்பதை அந்தச் சங்கிலியின் இழுப்பு முடிவு செய்கிறது. முழுக்க இழுத்தால் முதல் கியர். பாதி இழுத்தால் இரண்டாவது. இழுப்பே இல்லாவிட்டால் மூன்றாவது. அதாவது, கேபிள் அறுந்தால் சைக்கிள் தானாகவே மிகக் கனமான கியருக்குப் போய்விடும். சமதரையில் சமாளிக்கலாம். கேரியரின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும்போது மேட்டில் என்ன செய்வது? வாளிக்கு 20 லிட்டர் என்று வைத்தாலும் 40 கிலோ.

ஈப்போவில் பல்லாண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் சைக்கிளைக் கொண்டுபோனேன். ராலே தன் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 26 புரி வைத்தது. மற்ற இங்கிலாந்து சைக்கிள்களில் 24 புரிதான் வழக்கம். பொருந்துவதுபோல் இருக்கும் நட்டு இரண்டு சுற்றில் சிக்கிக்கொள்ளும். சரியான நட்டு அவரிடம்தான் இருந்தது. அவர் அந்தக் கட்டைப் பார்த்தார். விரலால் ஒருமுறை சுண்டினார். கட்டியவரைப் பற்றி ஒரே வார்த்தை சொன்னார்: “பண்டாய்.”

கட்டியது தாத்தாதான் என்று நினைத்திருப்பேன், சீட்டைத் தாங்கும் குழாயைப் பார்க்காமல் இருந்திருந்தால். இறுக்குப்பட்டை கடித்த தழும்பு அதில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று குழாயின் கீழ்ப்பகுதியில், உயரமான ஆளுக்காகச் சீட்டை நன்றாக ஏற்றி வைத்த இடம். தாத்தா உயரமானவர். மற்றது குழாயின் மேல்பகுதியில், சீட்டை அடிவரை இறக்கினால் மட்டுமே விழக்கூடியது. ஆழமாக இருந்தது அந்த இரண்டாவது தழும்புதான்.

ஹப்பைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே, முதல் கியரில் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் இரண்டு சின்னக் கொக்கிகள் இடப்பக்கம் இருக்கின்றன. அவற்றின் முனை மழுங்கிப் போயிருந்தது. மற்ற கியர்களுக்கான வலப்பக்கக் கொக்கிகள் அவ்வளவு தேயவில்லை. இந்த ஹப் இரண்டாம், மூன்றாம் கியரில் மிதிக்கும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். அது பழுதல்ல. முதல் கியரின் கொக்கிகள் அப்போது வேலையில்லாமல் பற்களின் மேல் தாவுகிற சத்தம். முதல் கியரில் மிதித்தால் சத்தம் வராது.

குட்டையான யாரோ ஒருவர் இந்தச் சைக்கிளை ஆண்டுக்கணக்கில் முதல் கியரிலேயே ஓட்டியிருக்கிறார். யார் என்று கேட்க அத்தை வீட்டுக்குப் போனேன்.

“யாரு கட்டுவா? அம்மாதான் கட்டுச்சு” என்றார் அத்தை, இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல். “அப்பா போனப்புறம் அம்மாதானே அதை ஓட்டுச்சு. நடுவுல கம்பி இருந்தா என்ன, வேலைக்குப் போறப்ப சிலுவார்தானே போடும். ஒருநாள் அந்த ஒயர் அறுந்துபோச்சு. டவுனுக்குப் போய் மாத்த நேரமும் இல்ல, காசும் இல்ல. வாசல்ல உக்காந்து சங்கிலிய இழுத்து இழுத்துப் பாத்துச்சு. எங்க இழுத்தா காலுக்கு லேசா இருக்கோ, அங்க வச்சு முறுக்கிருச்சு.”

பாட்டி பள்ளிக்கூடம் போனவர் இல்லை. 20 பல், 60 பல் என்ற கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. ஹப்பைத் திறந்தும் பார்த்ததில்லை. வெளியே தெரிந்த ஒரே சங்கிலியை வைத்து உள்ளே நடப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அத்தை இன்னொன்று சொன்னார். “அப்பா வர்றப்ப லயத்து மேட்டுலயே டிக்டிக்னு சத்தம் கேக்கும். நாங்க ஓடுவோம். அம்மா வந்தா ஒரு சத்தமும் இருக்காது. வாளிய கீழ வைக்கிறப்பதான் வந்துருச்சுன்னு தெரியும்.”

அந்தச் சத்தம் ஏன் நின்றது என்று அத்தைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படின்னா பதினோரு வருஷமும் அம்மா மேட்டுக் கியர்லயேதான் ஓட்டுச்சா, தம்பி?” என்றார்.

ஆமாம் அத்தை என்றேன். சமதரையிலும் முதல் கியர்தான். மற்றவர்கள் மூன்று சுற்று மிதிக்கும் இடத்தில் பாட்டி நான்கு சுற்று மிதித்திருக்கிறார்.

சைக்கிள் இப்போது ஓடுகிறது. டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் புதிது. ஸ்டர்மி ஆர்ச்சரின் நாட்டிங்ஹாம் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டாலும், தைவானின் சன்ரேஸ் நிறுவனம் அதை வாங்கி இன்றும் மூன்று கியர் ஹப்புகளைச் செய்கிறது. ஆகவே கொக்கிகளை மாற்றுவது பெரிய சிரமமாக இல்லை. புது கேபிளும் விசையும் போட்டாயிற்று; மகன் மூன்று கியரிலும் ஓட்டுகிறான், டிக் டிக் கேட்கிறது. புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வரவேற்பறையில் நிறுத்தலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அடிக்கவில்லை. துருவை மட்டும் துடைத்து எண்ணெய் பூசியிருக்கிறேன். பாட்டி கட்டிய கம்பியிலிருந்து சங்கிலியை விடுவித்தேன். கம்பி ஃபிரேமில் அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கும் இளைஞர்களில் சிலர் தாத்தா பாட்டி வீட்டுப் பொருள்களைப் புதுப்பிக்க நினைத்திருக்கலாம். சைக்கிளோ, தையல் இயந்திரமோ, கடிகாரமோ, எதுவானாலும் கழற்றும் முன் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறுகாத நட்டைப் பலம் கொண்டு திருகாதீர்கள். தேய்ந்த பாகத்தை உடனே தூக்கிப் போடாமல், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

தொழிற்சாலை செய்ததற்கு விளக்கம் புத்தகத்திலோ நல்ல மெக்கானிக்கிடமோ கிடைத்துவிடும். வீட்டில் ஒருவர் போட்ட கட்டுக்கும் ஒட்டுக்கும் விளக்கம், அதைப் பார்த்தவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். பிளேயரை எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.