கோயில் ஏட்டில் நம் பாட்டன் பெயர்



நம் முன்னோர் மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை 'மலையகம் 200' நடைபயணம் நடந்தது. அதன் பிறகு நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கள் பூட்டன் யார், எந்த ஊர்? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களைத் தோட்டத்துச் செக்ரோல், அதாவது கூலிப் பதிவேடு, எழுதித்தான் வைத்தது. ஆனால் முழுநாள் கூலிக்கான முழுப்பேரா, அரைநாளுக்கான அரைப்பேரா என்பதுதான் அங்கே கணக்கு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு ஏடும் உண்டு, கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம்.

அதில் ஒரு வரியைப் பாருங்கள். பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், கடைசியில் குருவானவரின் கையெழுத்து. செக்ரோல் கேட்காத உறவெல்லாம் இங்கே உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது பக்கத்தின் ஓரம். மாத்தளையில் ஞானஸ்நானம் பெற்ற பெண் ஹட்டனில் கலியாணம் முடித்தால், அந்தப் பங்கிலிருந்து இங்கே தகவல் வரவேண்டும். அது அவளுடைய பழைய வரியின் ஓரத்தில் ஏறும். கன்னியர் மடத்தில் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாலும் அப்படியே. திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் விதி இதைக் கட்டாயமாக்குகிறது. தோட்டம் விட்டுத் தோட்டம் போன சனத்தின் தடம் இப்படி ஓரக்குறிப்பில் பிடிபடும்.

கண்டி 1886இல் மறைமாவட்டமானது, மாத்தளையும் அதற்குள்தான். அங்கே பணிசெய்தவர்கள் இத்தாலியிலிருந்து வந்த சில்வெஸ்திரின் பெனடிக்ட் துறவிகள். ஆகவே பழைய ஏடுகளைத் தேடுகிறவர்கள் லத்தீனுக்கும் தயாராகப் போங்கள். வீட்டில் அந்தோனிமுத்து என்றவர் ஏட்டில் அந்தோனியுஸ் ஆகியிருக்கலாம்.

காகிதம் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோவா சாட்சி. சூசை வாஸ் அடிகளார் 1687இல் இலங்கைக்கு வந்து, 1711இல் கண்டியில் இறக்கும்வரை, கோவாவிலிருந்த தம் ஒரட்டோரிய சபைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கண்டி அரசர்கள் சிறைபிடித்த போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்படும் நம் மாத்தளை மாவட்டத்து வஹாகோட்டே மக்களும் அந்தச் சபையினரின் பணிக்களத்துக்குள் அடங்குவார்கள். 1835இல் போர்த்துக்கேய அரசு கோவாவின் துறவற சபைகளைக் கலைத்தது. தாய்மடமே இல்லாமல் போனது. அதன் தாள்கள் பல இடங்களில் சிதறின. அந்தப் பழைய ஆவணங்களைத் தேடிப் பதிப்பித்தவர் இயேசு சபையின் எஸ். ஜி. பெரேரா அடிகளார். பின்னாளில் அதே சபையின் பெர்னியோலா அடிகளார் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக ஆங்கிலத்தில் தந்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளார் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கடிதங்களைக் காத்துக்கொடுத்த கைகளையும் நன்றியோடு நினைத்தேன்.

புனிதர்களுக்கு ஆவணம் தேட ஆட்கள் கிடைப்பார்கள். லயத்தில் பிறந்தவர்களின் ஏட்டுக்கு நாம்தான் ஆள். ஈரச் சுவரோடு ஒட்டிய அலுமாரியும் இராமபாணப் பூச்சியும் போதும், ஒரு தலைமுறையே போய்விடும். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டவேண்டாம். லேமினேட் செய்யவே வேண்டாம். பருத்தி நாடாவால் கட்டி, காற்றுப்படும் தட்டில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. படம் எடுப்பதானால் பங்குத்தந்தையின் அனுமதியோடு எடுங்கள். முகநூலில் மட்டும் போடாதீர்கள். தகப்பன் பெயர் எழுதப்படாத பிள்ளைகளும் அந்த ஏடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் பக்கத்து வீட்டில் இருக்கலாம்.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியிலும் ஒரு ஞானஸ்நானச் சீட்டோ, முதல் நன்மைப் படமோ கிடக்கும். படத்தின் பின்னால் யார், எந்தத் தோட்டம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு. ஏடு வாசிக்கத் தேவையான லத்தீன் சொற்களை அடுத்த இதழில் தமிழ் விளக்கத்தோடு தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்