விற்க முடியாத கறி



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாள்களில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் மான் வேட்டைப் பருவம் சூடு பிடித்திருக்கும். மிச்சிகனில் துப்பாக்கி வேட்டை ஆண்டுதோறும் நவம்பர் 15 அன்று தொடங்கும். அன்றைக்கு விடுமுறை விடும் பள்ளிகள் அங்கே இன்றும் உண்டு. விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து ஒன்பது நாள். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையோடு காட்டுக்குள் நுழைகிறார்கள். பருவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் அவர்களில் ஒருவர் உங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறைக்குப் பெரிய பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். "மான் கறி. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன்" என்பார். இந்த மாதம் அந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் அந்த மேசைக்கு முன்னால் தட்டோடு நிற்பவர்கள். பாத்திரத்தைத் தூக்கி வருகிறவர்களும் நம்மிடையே உருவாகிவிட்டார்கள். டெக்சாஸிலும் மினசோட்டாவிலும் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து, முறையாக வேட்டைக்குப் போகும் தமிழர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்க விழாக்களில் அதைப் பற்றி வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த தலைமுறை நாம். மான் வேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவது நள்ளிரவில் ஜீப்பில் போகும் திருட்டு வேட்டைதான். நம் ஊரில் அந்த வெறுப்பு சரியானது, அப்படியே இருக்கட்டும். ஆனால் அமெரிக்காவில் நடப்பது வேறு கதை. அந்தக் கதையைச் சொல்லப் பேச்சைவிடச் சாப்பாடு நல்ல வழி என்று நான் நம்புகிறேன்.

ஏன் சாப்பாடு? அமெரிக்கக் காட்டில் வேட்டைக்காரர் சுட்ட மானின் கறியை அநேகமாக எங்குமே விற்க முடியாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். உணவகப் பட்டியலில் மான் இறைச்சி என்று வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த மான். அதில் கணிசமான பங்கு நியூசிலாந்திலிருந்து கப்பலில் வருகிறது. பக்கத்து மாவட்டக் காட்டில் உங்கள் சக ஊழியர் சுட்ட மானுக்கு விலையே கிடையாது. அவர் வீட்டில் சாப்பிடலாம், அல்லது சும்மா கொடுக்கலாம். மூன்றாவது வழி இல்லை.

இந்தத் தடை பெரிய அழிவுக்குப் பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சந்தைக்காகவே வேட்டையாடினார்கள். ரயில் பாதைகள் வந்ததும் காட்டில் கொன்றதையெல்லாம் பெருநகரங்களுக்கு அனுப்ப முடிந்தது. வானத்தை மறைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறா இனம் அடியோடு ஒழிந்தது. மார்த்தா என்று பெயரிடப்பட்ட கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. வெள்ளைவால் மானும் அந்த நூற்றாண்டின் முடிவில் சில லட்சங்களாகச் சுருங்கியிருந்தது. 1900இல் அயோவாவைச் சேர்ந்த ஜான் லேசி கொண்டுவந்த சட்டம், சட்டவிரோதமாகக் கொன்றதை மாநில எல்லை தாண்டி விற்பதைக் குற்றமாக்கியது. அதைத் தொடர்ந்து மாநிலங்களும் விற்பனைக் கதவை ஒவ்வொன்றாகச் சாத்தின. பருவமும் உரிமமும் ஆளுக்கு இத்தனை என்ற வரம்பும் வந்தன. இன்று வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி. அவற்றைத் தின்று கட்டுக்குள் வைத்த ஓநாயும் மலைச்சிங்கமும் பல மாநிலங்களில் இல்லாமல் போய்விட்டதால், மான் பெருக்கமே இப்போது தொல்லை. காடுகளில் இளங்கன்றுகள் தழைக்க முடிவதில்லை. சாலையில் மானும் வாகனமும் மோதும் விபத்துகள் ஆண்டுக்குப் 10 லட்சத்தைத் தாண்டுகின்றன.

வேட்டைக்காரர்களுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரி மாநில வனவுயிர்த் துறைகளுக்குப் போகிறது. 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் வாங்கும் வாத்து முத்திரையின் பணத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் சதுப்பு நிலம் காப்பாற்றப்பட்டிருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் வேட்டை பிடிக்காத ஒருவரிடம் இந்தக் கணக்கை ஒப்பித்துப் பயனில்லை. அவர் மனத்தில் இருக்கும் கேள்வி வரியைப் பற்றியதே இல்லை. "ஏன் கொன்றாய்?" என்றுதான் அவர் கேட்கிறார். அதற்கு ஒரே நேர்மையான பதில் "சாப்பிட" என்பது. அந்தப் பதிலை வாயால் சொல்வதைவிடத் தட்டில் வைத்துக் காட்டலாம்.

அமெரிக்காவில் எடுக்கும் கருத்துக் கணிப்புகள் இதையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. உணவுக்காக வேட்டையாடுவதைப் பெரும்பான்மை மக்கள் ஏற்கிறார்கள். தலையைச் சுவரில் மாட்டுவதற்காக வேட்டையாடுவது என்று கேட்டால் ஆதரவு வெகுவாகச் சரிந்துவிடுகிறது. 2015இல் ஜிம்பாப்வேயில் செசில் என்ற சிங்கத்தை அமெரிக்கர் ஒருவர் கொன்றபோது எழுந்த கோபம் நினைவிருக்கும். வாழ்நாளில் சிங்கத்தையே பார்த்திராத விஸ்கான்சின் விவசாயியின் மீதும் அந்தக் கோபத்தின் நிழல் விழுந்தது.

வேட்டைக்காரர்கள் அமெரிக்காவில் சிறுபான்மை. 2016இல் மத்திய அரசின் மீன், வனவுயிர்த் துறை எடுத்த கணக்கெடுப்பில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேட்டைக்குப் போனவர்கள் 1.15 கோடி, நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. மற்ற தொண்ணூற்றைந்து பேரின் வாக்குதான் விதிகளைத் தீர்மானிக்கிறது. கலிஃபோர்னியா 1990இல் மலைச்சிங்க வேட்டையைப் பொது வாக்கெடுப்பில் தடை செய்தது. கொலராடோ 1992இல் வசந்தகாலக் கரடி வேட்டையை நிறுத்தியது. அதே கொலராடோவில் 2024இல் மலைச்சிங்க வேட்டையைத் தடை செய்யும் தீர்மானம் வாக்குக்கு வந்து தோற்றது. சுட்ட மலைச்சிங்கத்தின் கறியை வீணாக்கக் கூடாது, உணவாக்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. சாப்பாட்டு அறையில் உங்களுக்கு எதிரே அமர்ந்திருப்பவர் இப்படிப்பட்ட வாக்கெடுப்புகளில் வாக்களிக்கும் ஒருவர். அதற்காகச் சாப்பாட்டைப் பிரசாரமாக ஆக்காதீர்கள். கறியோடு துண்டறிக்கையும் நீட்டினால் எழுந்து போய்விடுவார்.

நமக்குத் தெரிந்த வேடர் ஒருவர் இருக்கிறார், கண்ணப்பர். சுட்ட பன்றிக் கறியைக் கடித்துப் பார்த்து, சுவையானதை மட்டும் எடுத்துக் காளத்திநாதர் முன் வைத்தார். பூசை செய்துவந்த சிவகோசரியார் பதறிப்போனார். அந்தக் கதையில் கண்ணப்பர் தன் தரப்பை எங்குமே வாதிடுவதில்லை. தன்னிடம் இருந்ததில் நல்லதைக் கொடுத்தார், அவ்வளவுதான். இரண்டாம் தரக் கறியை, ஆளுக்கொரு உணவு கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு ஒதுக்கிவைக்கும் நண்பர்களிடம் நான் சொல்ல விரும்புவதும் அதுதான்: மேலானதைக் கொண்டுபோங்கள்.

மேலானது என்றால் முதலில் பாதுகாப்பானது. மான்களைத் தாக்கும் நாட்பட்ட நலிவு நோய் 1967இல் கொலராடோவில் கண்டறியப்பட்டது; 2002இல் விஸ்கான்சினிலும் தெரியவந்தது. அதற்குப் பிறகு அது பரவிக்கொண்டே இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உள்ள மானை உண்ண வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். சமைப்பதால் அந்த நோயின் கிருமிப்புரதம் அழியாது. ஆகவே நோய் உள்ள பகுதியில் சுட்ட மான் என்றால் சோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும். சொந்த வீட்டில் எவ்வளவு துணிவதும் உங்கள் விருப்பம். பிள்ளைகளைப் பெற்ற அடுத்தவர்களுக்குப் பரிமாறும்போது அந்த உரிமை உங்களுக்கு இல்லை.

அடுத்தது ஈயம். ஈயத் தோட்டா உடலுக்குள் சிதறும். துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் சதைக்குள் பரவும். 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்காக நன்கொடையாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயம் இருப்பது தெரிந்து, அதையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார்கள். பகிர்ந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் செப்புத் தோட்டாவுக்கு மாறுங்கள். பழைய தோட்டாதான் என்றால் காயத்தைச் சுற்றிய சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

கரடிக் கறி கொண்டுவருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022இல் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பக் கூடலில் கரடிக் கறியைக் கம்பியில் கோத்துச் சுட்டார்கள். கறியின் நிறமே கறுப்பாக இருந்ததால் வெந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆறு பேருக்குப் புழுத் தொற்று வந்தது. அவர்களில் இருவர் கறியைத் தொடவே இல்லை. கூடச் சமைத்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். கறி 45 நாள் ஃப்ரீசரில் இருந்தும் புழு சாகவில்லை. வெப்பமானியை உள்ளே செருகி 71 டிகிரி செல்சியஸ் காட்டும்வரை அடுப்பை அணைக்காதீர்கள். காய்கறிக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. சைவம் சாப்பிடும் சக ஊழியருக்கு நீங்கள் செய்யும் மரியாதையும் அதுதான்.

பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறு அட்டை வையுங்கள். என்ன விலங்கு, எந்த மாவட்டம், எந்த மாதம், என்ன கலந்திருக்கிறது. கடைசி விவரம் முக்கியம். மான் கறியில் கொழுப்பு குறைவு என்பதால் கொத்துக்கறியிலும் சாசேஜிலும் பன்றிக் கொழுப்பையோ மாட்டுக் கொழுப்பையோ சேர்ப்பது அங்கே வழக்கம். மாட்டிறைச்சி உண்ணாதவரும் பன்றியை விலக்கியவரும் மான் என்று நம்பி எடுத்துவிடக்கூடும். ஹலால் பற்றி யாராவது கேட்டால் எப்படிச் சுட்டீர்கள், யார் அறுத்தார்கள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விடுங்கள்.

சமையலைப் பொறுத்தவரை முதல் முறை சாப்பிடுகிறவருக்கு அரைவேக்காட்டு ஸ்டேக் வேண்டாம் என்பது என் கட்சி. அமெரிக்க நண்பர்கள் பீன்ஸ் போட்ட சில்லியோ உப்புக்கண்டம் போன்ற ஜெர்க்கியோ கொண்டுவருவார்கள், இரண்டும் நல்லவை. நாம் ஏன் கோலா உருண்டை கொண்டுபோகக் கூடாது? மான் கொத்துக்கறிக்கு அதைவிடப் பொருத்தமான பலகாரத்தை நான் அறியேன். பொட்டுக்கடலை மாவும் தேங்காயும் சோம்பும் சேரும்போது கொழுப்பில்லாத கறியின் வறட்சி தெரிவதில்லை. ஒரு வாயில் போட்டுக்கொள்ளும் அளவு என்பதால் தயங்குகிறவரும் ஒன்றை எடுப்பார். சப்பைக் கறியையும் கழுத்துக் கறியையும் குக்கரில் நன்றாக வேகவைத்து மிளகு வறுவல் செய்யலாம். முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீளச் சதையை மட்டும் குக்கரில் போட்டுக் கெடுத்துவிடாதீர்கள். எதைச் சமைத்தாலும் வெள்ளைச் சவ்வையும் மான் கொழுப்பையும் ஒட்ட நீக்கிவிடுங்கள். ஆறினால் மெழுகாக உறைந்து வாயில் ஒட்டும் அந்தக் கொழுப்பாலும், சுட்டவுடன் குடலை எடுத்துக் குளிரவைக்காத சோம்பலாலும்தான் 'மான் கறி நாறும்' என்ற கெட்ட பெயர் வந்தது.

இறந்த மானோடு எடுத்த படத்தைச் சாப்பாட்டு மேசையில் காட்டாதீர்கள். யாராவது கதை கேட்டால் சொல்லுங்கள்: இருட்டில் எழுந்து போனது, குளிரில் மரத்தில் காத்திருந்தது, வெறுங்கையோடு திரும்பிய நாள்கள். மான் உடனே சாகாமல் போகும் தருணங்களும் உண்டு. அதைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த உண்மையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர், பொய்யைக் கேட்டுச் சிரிக்கிறவரைவிட உங்களை அதிகம் மதிப்பார். 'வேண்டாம்' என்று சொல்பவரிடம் இரண்டாவது முறை நீட்ட வேண்டாம். 'சும்மா ஒரு துண்டு' என்று வற்புறுத்துவது நம் வீட்டு விருந்தோம்பலில் அன்பாக இருக்கலாம். இந்த மேசையில் அது செல்லாது.

தட்டோடு நிற்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாப்பிட விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பாத்திரம் கொண்டுவந்தவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். நம்மில் பலர் கடையில் நெகிழித் தாளில் சுற்றிய கோழியை வாங்கிச் சமைக்கிறோம். அது எங்கே வளர்ந்தது, எப்படிச் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு உயிரைத் தன் கையால் எடுத்து, தோலுரித்து, வெட்டி, சமைத்து, அந்தப் பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொண்டு உங்கள் முன் நிற்கிறார் ஒருவர். அவரோடு உடன்பட வேண்டியதில்லை, கேட்கலாம்.

உங்கள் அலுவலக மேசையில் நடந்ததை எங்களுக்கு எழுதுங்கள். வேட்டைக்குப் போகும் தமிழர்கள் தங்கள் சமையல் குறிப்புகளோடு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். வேட்டையை ஏற்காதவர்கள் தங்கள் மறுப்பை எழுதுங்கள், அதையும் அதே பக்கத்தில் வெளியிடுவோம். டிசம்பர் 10ஆம் தேதிக்குள் வந்து சேரும் கடிதங்கள் ஜனவரி இதழில் இடம்பெறும்.

அன்புடன்,
ஆசிரியர்