வரத்துக்காலை மறந்த கண்மாய்

இராமநாதபுரம், சிவகங்கை ஜில்லாக்களில் கண்மாயை நம்பி நெல் பயிரிடும் குடியானவர்களுக்கு மழை பொய்ப்பது புதிய விஷயமன்று. புரட்டாசியில் புழுதி விதைப்பு முடித்து ஐப்பசி மழையை எதிர்நோக்கியிருப்பது அவர்களது பரம்பரை வழக்கம். ஆயினும் 2016-ஆம் வருஷத்தில், தமிழ்நாட்டில் சராசரி 44 செ.மீ. பெய்யவேண்டிய வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய 17 செ.மீ. அளவே பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையென அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. அப்பொழுதுதான் பல கிராமங்களில் வைக்கோலும் இல்லை, விதையும் இல்லை என்பது வெளிப்பட்டது.

அவ்வருஷமே குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பெற்றதும், கண்மாய்களில் வண்டல் எடுக்கப்பட்டதும் மெச்சத்தக்கவையே. வண்டல் புன்செய்க்கு நல்ல உரமுமாகும். ஆனால் கண்மாயை ஆழப்படுத்துவதிலேயே கிராமத்தாரின் கவனம் முழுவதும் செல்வது சரியன்று. மடையின் அடிமட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் கால்நடைகளுக்கும் அண்டையிலுள்ள கிணறுகளுக்கும் உதவுமேயன்றி, மடை வழியாக வயலுக்குப் பாயாது. கரையின் அடியை ஒட்டித் தோண்டினாலோ கரைக்கே அபாயம். வரத்துக்கால் தூர்ந்து, சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்குமாயின், ஆழப்படுத்திய கண்மாயும் பெரியதொரு வெறும் பாத்திரமேயாகும். குறைந்த மழை பெய்யும் வருஷத்தில் பெய்த சிறிதளவு நீரையும் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்காலே என்பதை அனுபவமுள்ள நீர்பாய்ச்சிகள் நன்கறிவர்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. வரத்துக்காலை வரப்பு வெட்டிச் சிறிது சிறிதாகத் தம் புலத்தோடு சேர்த்துக்கொண்டவர்கள் வெளியூரார் அல்லர். பெரும்பாலும் அவ்வூர் நிலச்சுவான்தார்களே. புலப்படத்தில் காலின் அகலம் இன்னும் பதிவாகியிருக்கிறது. அதை அளந்து காட்டக் கிராம நிர்வாக அலுவலர் தயங்குவதும், காட்டினால் ஊரார் மனஸ்தாபம் கொள்வதும் சகஜமாய்விட்டன. கடைமடைக்காரனின் பயிர் கருகுவதற்கு வானத்தை மட்டும் குறைகூறுவது நியாயமாகுமா?

வறட்சி நீடிக்கும்பொழுது குடியானவன் முதலில் விற்பது மாட்டை. மழை திரும்பியபின் அதே விலைக்கு அதை வாங்க இயலுவதில்லை. ஒரு மாட்டிற்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்று கொண்டாலும், இரண்டு மாடுகளை ஆறு மாதம் காப்பாற்ற இரண்டு டன்னுக்கு மேல் வேண்டும். விளைந்த வருஷத்தில் அறுவடை முடிந்தவுடன் வைக்கோல் முழுவதையும் விற்றுவிடுவோர் இதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். விதையும் அவ்வாறே. நெல் பொய்த்தால் மறுவருஷ விதைக்கும் சேர்த்தே முடை உண்டாகும். ஆதலால் நன்கு உலர்த்திய விதையில் ஒரு பங்கை அதிகமாக இருப்பு வைத்தலும், பல வருஷங்கள் கெடாதிருக்கும் கேழ்வரகை வீட்டுச் செலவுக்குச் சேமித்தலும் அவசியம்.

பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டும் தவணை வறட்சி தெரியுமுன்னரே முடிந்துவிடும். அடங்கலில் பயிரின் பெயரும் பரப்பும் தவறாயிருப்பின் பின்னர் அலைச்சலே மிஞ்சும். அடங்கல் சாவடியில் உட்கார்ந்து எழுதப்படாமல், வயலில் நின்று எழுதப்படவேண்டும்.

வரத்துக்காலை அளக்கத் தக்க காலம் சித்திரையும் வைகாசியுமாம். அப்பொழுது வயல்கள் வெறுமையாயிருக்கும். எல்லைக் கற்களும் கண்ணுக்குத் தெரியும். விதைப்பு நடந்துவிட்டால், நின்ற பயிரைக் காட்டி அளவையைத் தள்ளிப்போடுவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.