இந்தியக் கால்பந்து அணியின் வியூகக் குறைகளும் ஆட்டக்காரர் ஸ்தானங்களும் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: மரக்காணம் உப்பளக் கரைக் கிராமங்களின் கால்பந்து ஆட்டக்காரரும் ஆர்வலரும் கூடிய சங்கத்தார், மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்: தலைவர் அவர்களும் தொழில்நுட்பக் குழுவினரும், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், புது தில்லி.

பிரதிகள்: தமிழ்நாடு கால்பந்துச் சங்கம், சென்னை; உறுப்பினர் செயலர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை; மாவட்ட ஆட்சியர், விழுப்புரம்.

பெருமதிப்பிற்குரியீர்,

பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கேயிருந்து வந்து முடிவுறும் மரக்காணத்தில், கழுவேலிச் சதுப்பையும் கடலையும் ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளங்களில் தை பிறந்தது முதல் புரட்டாசி வரை உப்பு விளைவித்து ஜீவனம் நடத்துவோரும், கைப்பாணிக்குப்பம் முதலாகிய கரையோரக் குப்பங்களில் கடல்தொழில் புரிவோருமாகிய நாங்கள், சாயுங்காலம் வேலை ஓய்ந்தபின் கரைமேட்டில் பந்தாடுவதை ஒரு நியமமாகவே கைக்கொண்டு வருகிறோம். அளங்கள் யாவும் மழைநீரில் மூழ்கிக் கிடக்கும் இந்த டிசம்பர் மாதத்தில், வேலையின்றி ஊரிலேயே இருக்க நேர்ந்த எங்கள் சங்கத்தார் கூடி, நமது தேசிய அணியின் சமீபகால நிலைமையைப் பற்றி விரிவாக ஆலோசித்து ஏகமனதாக வந்த அபிப்பிராயங்களைத் தங்கள் சமுகத்துக்கு விண்ணப்பித்துக்கொள்கிறோம்.

சென்ற 2025 நவம்பர் 18ஆம் நாள் டாக்காவில் வங்கதேச அணியிடம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் நாம் தோற்றோம். அவ்வணியிடம் 22 ஆண்டுகளாக நாம் தோற்றதில்லை. ஆட்டம் சூடுபிடிக்கும் முன்னரே இடப்புற ஓரமாக ஓடிவந்த ரகீப் ஹுசைன் உள்ளே தள்ளிய பந்தை ஷேக் முர்ஸாலின் கோலாக்கினார். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான அவகாசம் இருந்தும் நம்மவரால் அதை ஈடுசெய்ய இயலவில்லை. 2027ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்போ அதற்கு முந்தைய மாதமே, கோவாவின் மட்காவ் நகரில் சிங்கப்பூரிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்றபோது கைநழுவிப் போயிருந்தது. 2023ஆம் ஆண்டின் நடுவில் உலகத் தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் இருந்த அணி 2025 நவம்பரில் 142ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது.

ஆட்டக்காரர்களின் உழைப்பிலோ தேசபக்தியிலோ எங்களுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர்களாகிய நாங்கள் களைப்பு இன்னதென்று அறிவோம். அவர்கள் களைத்து விழும் வரை ஓடுவதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஓடவேண்டிய இடம் எது, நிற்கவேண்டிய இடம் எது என்பதை அவர்களுக்கு உறுதியாக வகுத்துத் தராத ஏற்பாட்டின் மீதுதான் எங்கள் குறை.

அக்குறையின் அளவைக் கணக்கே காட்டும். 2023 நவம்பர் முதல் 2025 நவம்பர் வரை, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஆறு, கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று, அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் ஐந்து ஆகப் பதினான்கு ஆட்டங்களில் நமது அணி அடித்த கோல்கள் ஐந்தே. அவற்றுள்ளும் ஒன்று குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகப் பெனால்டியில் வந்தது. கத்தாரிலோ ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று அணிகளுக்கும் எதிராக ஒரு கோல்கூட இல்லை.

இவ்வாட்டங்களை உற்றுக் கவனித்தவர்களுக்கு ஒரே காட்சி திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கும். பந்து பின்களத்திலிருந்து ஓரத்துக்குப் போகிறது. நமது ஓர ஆட்டக்காரர் சாங்தே போன்ற வேகமுள்ள ஒருவர் எதிரியைத் தாண்டிக் கோட்டருகே சென்று உள்ளே கிராஸ் செய்கிறார். அங்கே கோலுக்கு முன்னால் நம்மவர் ஒருவர் மட்டும் எதிரிகள் மூவர் நடுவே நிற்க, நடுக்களத்தவர் இன்னும் பெனால்டி எல்லைக்கு வெளியே ஓடிவந்துகொண்டிருக்கிறார்கள். பந்து பறிபோன மறுகணம், முன்னே ஏறிய நடுக்களத்துக்கும் பின்னே தங்கிவிட்ட பின்களத்துக்கும் இடையில் அகன்ற வெளி ஒன்று திறந்துகொள்ள, எதிரணியின் ஒரே பாஸ் அவ்வெளியைக் கடந்து, பின்களத்தின் மையத்தில் நிற்கும் நமது ஸ்டாப்பர்கள் தங்கள் கோலை நோக்கித் திரும்பி ஓடும் நிலைமையை உண்டாக்கிவிடுகிறது. ஓரங்களில் வலிமையும், கோல்காப்பாளர் முதல் நடுமுன்னணி வரையிலான மையத்தில் பலவீனமும் என்பதே இந்த அணியின் லக்ஷணமாகிவிட்டது.

இதன் மூலகாரணம் பயிற்றுநரின் பலகையில் அன்றி, நமது உள்நாட்டுப் போட்டிகளின் அமைப்பில் இருப்பதாக நாங்கள் கருதுகிறோம். இந்தியன் சூப்பர் லீக்கில் ஒரு கிளப் ஒரே சமயத்தில் நான்கு அயல்நாட்டவரைக் களமிறக்கலாம். அந்நால்வரையும் கிளப்புகள் பெரும்பாலும் நடுமுன்னணியிலும், நடுக்களத்தின் மையத்திலும், பின்களத்தின் மையத்திலுமே நிறுத்துகின்றன. அயல்நாட்டு ஆட்டக்காரர்களிடம் நம்மவர் கற்றது ஏராளம் என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் ஸ்தானங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர்களிடமே இருந்துவர, இந்திய இளைஞனுக்கு ஓரங்களே கதியாகிவிட்டன. 2024–25ஆம் ஆண்டின் லீக்கில் இந்தியருள் அதிகமான கோல்களை, பதினான்கை, அடித்தவர் நாற்பது வயதான சுனில் சேத்ரி. பின்களத்து ஆட்டக்காரரான சுபாஷிஷ் போஸ் ஆறு கோல்கள் அடித்தார். 2024 ஜூன் 6ஆம் நாள் கொல்கத்தாவில் கண்ணீர் மல்க விடைபெற்ற சேத்ரியை, ஓராண்டு நிறைவதற்குள் மறுபடி அழைக்க நேர்ந்தது அம்மாமனிதருக்குப் பெருமைதான். அவருக்குப் பின் ஒருவரை வளர்க்காத நமக்கோ அது பெருங்குறை.

இவ்விடத்தில் 1962ஆம் ஆண்டின் ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைவூட்ட அனுமதிக்கக் கோருகிறோம். பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் அவர்கள், நோய் தம்மை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், தலையில் காயமுற்றுத் தையலிட்டுக்கொண்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை நடுமுன்னணிக்கு அனுப்பினார். அவர் அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராகவும், செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகவும் கோலடித்தார். பி.கே. பானர்ஜி அடித்த கோலும் சேர, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று. ஸ்தான மாற்றத்துக்கு ஆதாரமாக இச்சம்பவத்தைப் பலர் எடுத்துக்காட்டுவது வழக்கம். நாங்கள் இதிலிருந்து பெறும் பாடம் வேறு. 1951ஆம் ஆண்டு தில்லியில் தங்கம் வென்ற காலத்திலிருந்தே ரஹீம் அவர்கள் அணியை வளர்த்துவந்தவர். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோஸா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடிக்க, அவ்வணியை நான்காம் இடம் வரை கொண்டுசென்றவர். ஜர்னைல் முன்னேறியபோது பின்களத்தின் பொறுப்பை அருண் கோஷ் ஏற்கவும், கோலருகே பீட்டர் தங்கராஜ் நிற்கவும், எஞ்சிய ஒவ்வொருவரும் தத்தம் கடமையை ஐயமற அறிந்திருந்தனர். அணியின் எலும்புக்கூடு அத்தனை உறுதியாக இருந்தமையாலேயே ஒருவரை மட்டும் பெயர்த்து வைக்க முடிந்தது.

இன்றைய நிலைமை இதற்கு நேர்மாறானது. மோகன் பாகானுக்காக வலப்புற ஓரத்தில் ஆடிப் பழகிய மன்வீர் சிங், நாட்டுக்காக ஆடுகையில் நடுமுன்னணியில் நிறுத்தப்படுகிறார். ஓரத் தாக்குதலில் தேர்ந்த ஆஷிக் குருணியன் இடப்புறப் பின்களத்தில் ஆடவைக்கப்பட்டார். குமரிக் கடற்கரையில் பிறந்து எங்களைப் போன்ற கடலோர மக்களுக்கெல்லாம் நம்பிக்கையளித்த மைக்கேல் சூசைராஜ், ஜம்ஷெட்பூரில் தாக்குதல் ஆட்டக்காரராக மலர்ந்தவர். கொல்கத்தா அணிக்குச் சென்றபின் இடப்புறம் முழுவதையும் காக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. அந்த ஆண்டு அவ்வணி லீக் கோப்பையை வென்றது உண்மையே. ஆனால் கிளப்பின் லாபம் வேறு, தேசத்தின் தேவை வேறு. அளத்தில் நீரின் பக்குவம் பாராமல் ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்குத் திறந்துவிட்டால் உப்புக் கட்டாது, ஆட்டக்காரனும் அப்படியே.

இது மேல்மட்டத்தில் மட்டும் நடக்கும் காரியமன்று. எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கோலுக்கு முதுகு காட்டி நின்று, வரும் பந்தைத் தொடையில் தாங்கிக் காலடியில் அமர்த்தி, பின்னின்று நெருக்குபவனின் பாரம் எந்தத் தோளில் விழுகிறதென்று உணர்ந்து மறுதோள் பக்கமாகத் திரும்பி அடிப்பான். அந்த வித்தையை யாரும் அவனுக்குக் கற்பித்ததில்லை. தேர்வு முகாம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். உயரம் அளந்தார்கள், நூறு மீட்டர் ஓடச்சொன்னார்கள், உயரம் போதாது என்று வலப்புறப் பின்களத்தில் நிறுத்தினார்கள். எந்த ஸ்தானத்தில் ஆடுபவன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழக்கமற்ற இடத்தில் தடுமாறித் திரும்பிய அவன், கோடையில் தகப்பனாரோடு உப்பு வாரப் போய்விட்டான்.

நாங்கள் ஆடும் இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒருபுறம் கால்வாய்க் கரை, மறுபுறம் பாத்தி வரப்பு, நடுவே நீண்டு குறுகிய ஒரு திடல். சர்வதேச ஆட்டக்களத்தின் 105 மீட்டர் நீளம் எங்களுக்கு ஏறக்குறையக் கிடைக்கும். 68 மீட்டர் அகலத்தில் பாதிகூடக் கிடைக்காது. இக்குறுகலில் வளரும் பிள்ளைகள் நேராக ஓடவும் நெருக்கடியில் பந்தைக் காக்கவும் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். பந்து இடப்புறம் போகையில் வலப்புறத்தான் உள்ளே நெருங்கி வருவதும், வரிசைகளுக்கிடையே தூரம் கூடாமல் பின்களத்து நால்வரும் ஒன்றாக நகர்வதும் அவர்கள் அறியாதவை. அகன்ற களத்தில் இறங்கியதும் சிதறிப் போகிறார்கள். தேசிய அணியிடம் நாங்கள் காணும் அதே பிணியின் வித்து இங்கேயே இருப்பதை நாள்தோறும் பார்த்துவருகிறோம். நாட்டில் இத்தகைய திடல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும்.

ஆகவே சம்மேளனத்தாரைப் பணிவுடன் கோருவதாவது: இவ்வாண்டின் லீக் பருவம் இன்னும் தொடங்கப்படாமல் விதிகள் யாவும் மறுபரிசீலனையில் இருக்கும் இச்சந்தர்ப்பத்தில், களத்தில் ஒரே சமயம் ஆடும் அயல்நாட்டவரின் தொகையைக் குறைக்கவும், தாங்களே நடத்தும் சூப்பர் கோப்பையிலாவது நடுமுன்னணியில் இந்தியர் ஒருவர் ஆடுவதைக் கட்டாயமாக்கவும் வேண்டும். முற்றிலும் இந்தியரே ஆடும் சந்தோஷ் கோப்பையில் நடுமுன்னணியிலும் நடுக்கள மையத்திலும் சிறந்து விளங்குவோரை ஆண்டுதோறும் தனி முகாமுக்கு அழைத்துப் பயிற்றவேண்டும். 2012ஆம் ஆண்டு அப்போட்டியின் இறுதியாட்டம் வரை சென்ற தமிழ்நாட்டு அணியினர் போன்றோர் அவ்வோராண்டோடு மறக்கப்பட்டுவிடுவது நியாயமன்று. வயதுப்பிரிவு அணிகள் முதல் தேசிய அணி வரை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அவரது பிரதான ஸ்தானத்தைக் குறித்த பதிவேடு ஒன்று பேணப்படுவதும், தேர்வாளர்கள் அதைப் பார்த்தே தெரிவு செய்வதும் அவசியம். 2024 ஜூன் முதல் 2025 ஆகஸ்ட் வரையில் இகோர் ஸ்டிமாச், மனோலோ மார்க்கெஸ், காலித் ஜமீல் எனப் பயிற்றுநர் மூவரை அணி கண்டது. இரண்டாமவர் கோவா கிளப்பின் பயிற்றுநராகவும் அதே சமயத்தில் இருந்தார். இனி வருவோர் எவராயினும், வேறு பொறுப்பின்றி நான்காண்டு முழுவதும் இருக்கச் செய்து, அவரது வியூகம் பதினேழு வயதுப் பிரிவு வரை பின்பற்றப்படவும் ஏற்பாடு வேண்டும்.

பெண்கள் அணியை இங்கே விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறோம். 2025 ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், அந்நாட்டு அணியையே இரண்டுக்கு ஒன்று என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நமது பெண்கள், நடுக்களத்து ஆட்டக்காரரான சங்கீதா பாஸ்போர் அடித்த இரண்டு கோல்களால் அவ்வெற்றியைப் பெற்றார்கள். மையத்தை நம்மவரே ஆளும்போது என்ன நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? எங்களுக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள கடலூர் மண்ணிலிருந்து இந்துமதி கதிரேசன் தேசிய அணிவரை சென்ற பாதையில், உப்பளத்துப் பெண் குழந்தைகளும் நடக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு உடை மாற்றிக்கொள்ள ஓர் அறைகூட இங்கு இல்லை.

மாநில அரசையும் மாவட்ட நிர்வாகத்தையும் நாங்கள் வேண்டுவது அதிகமன்று. மரக்காணம் வட்டத்தில், கழுவேலிப் பறவைகள் சரணாலயத்தின் எல்லைக்கும் நடப்பிலுள்ள உப்பளங்களுக்கும் இடையூறு நேராத மேட்டுப்பாங்கான அரசு நிலம் ஒன்றைத் தெரிவு செய்து, 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்ற முழு அளவில் ஓர் ஆட்டக்களமும், பெண்களுக்கென ஓர் அறையும், குடிநீர்க் குழாயும் அமைத்துத் தருவதோடு, முறையான சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் ஒருவரை வாரத்தில் மூன்று நாளாவது வரச்செய்ய வேண்டுகிறோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது இப்பகுதி எவ்வளவு நீரில் நின்றது என்பது ஆட்சியர் அலுவலகத்துக்கு நன்கு தெரிந்ததாகையால், களத்தின் மட்டத்தை அதற்கேற்ப உயர்த்த வேண்டியதையும் நினைவூட்டுகிறோம். நிலத்தைச் சமன் செய்யும் வேலைக்கு எங்கள் உடலுழைப்பைக் கூலியின்றித் தரச் சித்தமாயிருக்கிறோம்.

தை மாதம் அளவேலை தொடங்கிவிடுமாதலால், அதற்கு முன்னர் எங்கள் பிரதிநிதிகள் ஐவரை நேரில் சந்தித்துப் பேச நாள் குறித்தருளுமாறும், இம்மனுவின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

மரக்காணம்,
டிசம்பர் 2025