ஒழுங்குக்குப் புள்ளி இல்லையா?



"சேர், இதுக்கு எத்தனை புள்ளி?" புதிதாக எதைச் சொல்லித் தந்தாலும் வகுப்பில் முதலில் எழும் கேள்வி இதுதான். இன்று நான் சொல்லப் போகும் விடயத்துக்குச் சாதாரண தரப் பரீட்சையில் நேரடியாகப் புள்ளி கிடையாது. ஆயினும் முறைமை விருத்தி பற்றிப் படிக்கும் நீங்கள் இதை இப்போதே அறிந்திருக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்தாகும்.

மென்பொருளை எழுதுவதற்கு முன்னர் அதன் அமைப்பைப் படங்களாக வரைந்து பார்ப்பது வழக்கம். இதற்கு உலகெங்கும் பயன்படும் குறியீட்டு மொழி யூ.எம்.எல். ஆகும். கிராடி பூச், ஜேம்ஸ் ரம்போ, ஐவர் ஜேக்கப்சன் ஆகிய மூவரின் முயற்சியால் உருவான இம்மொழியை ஒப்ஜெக்ட் மனேஜ்மென்ட் குரூப் என்னும் அமைப்பு 1997ஆம் ஆண்டு நியமமாக ஏற்றுக்கொண்டது. இம்மொழியில் மாதிரியின் உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் பெட்டிக்குப் 'பொதி' என்று பெயர். மேல் இடது மூலையில் சிறு காது கொண்ட செவ்வகமாக, கணினியிலுள்ள கோப்புறையைப் போலவே அதை வரைவர்.

பொதி பற்றி இரண்டு உண்மைகளை மனத்திற் கொள்ளுங்கள்.

1. ஓர் உறுப்புக்கு ஒரு பொதிதான் சொந்த வீடு. அதே உறுப்பைப் பல வரிப்படங்களிற் காட்டலாம். ஒரு வரிப்படத்திலிருந்து நீக்கினாலும் உறுப்பு மாதிரியில் இருக்கும். ஆனால் பொதியையே அழித்தால் அதற்குச் சொந்தமான உறுப்புகளும் அழிந்துவிடும்.

2. ஒரே பெயர் இரண்டு பொதிகளில் இருக்கலாம். 'அங்கத்துவம்' பொதியில் ஒரு 'பதிவு', 'நூற்பட்டியல்' பொதியில் இன்னொரு 'பதிவு' இருந்தால் குழப்பமில்லை. அங்கத்துவம்::பதிவு, நூற்பட்டியல்::பதிவு என்று முழுப் பெயரால் அவற்றை வேறுபடுத்தலாம்.

முதலாவது உண்மையை நான் புத்தகத்திற் படிக்கவில்லை, பட்டுத்தான் படித்தேன். கலைப் பட்டம் பெற்ற பின் கணினிப் பயிற்சிநெறி ஒன்றிற் சேர்ந்தேன். நால்வர் சேர்ந்து நூலக முறைமை ஒன்றுக்கு மாதிரி வரைந்தோம். எங்கள் பொதிகளின் பெயர்கள் 'வகுப்புகள்', 'இடைமுகங்கள்', 'புதியவை', 'மற்றவை' என்பனவாகும். ஒப்படைப்பதற்கு மூன்று நாள் இருக்கையில், வேண்டாத வரிப்படங்கள் மட்டுமே அதில் உள்ளன என்று நினைத்து 'மற்றவை' பொதியை அழித்துவிட்டேன். கணினி "அழிக்கவா?" என்று கேட்டது, நானும் "ஆம்" என்றேன். எங்கள் குழுவிலிருந்த தோழி இரு வாரமாக உருவாக்கிய இரவற் பகுதி முழுவதும் அதனுள்ளேதான் இருந்தது. வேறு பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அவள் என்னை ஏசவில்லை. இரண்டு இரவு விழித்திருந்து திரும்பச் செய்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிழை என்னுடையதுதான். ஆனால் 'மற்றவை' என்ற பெயரே அந்தப் பிழைக்கு வழிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பெயர் பெயரே அல்ல.

எனவே எனது கருத்து இதுதான்: உறுப்புகளை அவற்றின் வகையைக் கொண்டு பிரிக்காதீர்கள், அவை எந்த வேலைக்காக ஒன்றுசேர்கின்றன என்பதைக் கொண்டு பிரியுங்கள். நூலக முறைமையில் 'அங்கத்துவம்', 'நூற்பட்டியல்', 'இரவல்' என்று பிரித்தால், தண்டப்பண விதி மாறும்போது 'இரவல்' பொதியைத் திறந்தாற் போதும். வகைப்படி பிரித்திருந்தாலோ ஒரு சிறு மாற்றத்துக்கு எல்லாப் பொதிகளையும் திறந்து தேட வேண்டும்.

"வகைப்படி வைத்தால் தேடுவது சுலபம்தானே?" என்று சிலர் கேட்பர். பத்து உறுப்புகள் மட்டும் இருந்தால் அது சரி. அப்போது பொதியே தேவையில்லை எனலாம். நூறு உறுப்புகள் வந்தபின், 'வகுப்புகள்' என்ற பொதி எதையும் பிரித்துக் காட்டாது.

அடுத்து, பொதிகளுக்கிடையிலான சார்பைக் கவனியுங்கள். ஒரு பொதி இன்னொன்றைச் சார்ந்திருப்பதை முறிகோட்டு அம்புக்குறியாற் காட்டுவர். 'இரவல்' பொதிக்கு அங்கத்தவரும் தேவை, நூலும் தேவை. ஆகவே அதிலிருந்து மற்றைய இரண்டுக்கும் அம்புகள் செல்லும். அங்கத்தவர் ஒருவர் விலகும்போது அவரிடம் இரவல் நூல் உள்ளதா என்று பார்க்கும் வேலையை 'அங்கத்துவம்' பொதியில் வைத்தால் அம்பு திரும்பி வந்து ஒரு வட்டமாகிவிடும். பின்னர் ஒன்றைத் தொட்டால் மற்றதும் ஆடும். அந்த வேலையை 'விலகல்' என்னும் புதிய பொதியில் வையுங்கள். அது இரண்டையும் பார்க்கும். அவை அதைப் பார்க்கத் தேவையில்லை. வட்டமும் நீங்கிவிடும்.

மாணவர்களே, மாதிரி என்பது உங்களுக்காக மட்டும் வரையப்படுவதன்று. நாளை உங்கள் இடத்துக்கு வருபவர், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒழுங்கு என்பது அழகுக்காகச் செய்வதன்று. பிறருடைய உழைப்புக்கு நாம் கொடுக்கும் மரியாதை. அதற்குப் புள்ளி போடும் பரீட்சகர் வினாத்தாளில் இல்லை. உங்களோடு வேலை செய்பவர்தான் அந்தப் பரீட்சகர்.

செய்து பாருங்கள்: உங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு முறைமை அமைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குத் தேவையான பத்துப் பெயர்களை எழுதி மூன்று பொதிகளாகப் பிரியுங்கள். அவற்றுக்கிடையே அம்புகளை வரைந்து, வட்டம் எங்காவது உண்டா எனப் பாருங்கள். 'மற்றவை' என்ற பெயரை மட்டும் பயன்படுத்தாதீர்கள்.